டயருக்கு முன்னால் குழாய்

ஏடிவியை, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டியை, சேற்றுக்குத் தயார் செய்யப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி டயரைப் பற்றித்தான் வரும். வராமல் என்ன செய்யும்? 3 இஞ்ச் ஆழப் பல்லோடு கறுகறுவென்று ஒரு டயர் நிற்பதைப் பார்த்தால், எந்தச் சகதியையும் கடைந்து தள்ளிவிடும் போலத்தான் தோன்றுகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் வீட்டில் வைத்து வண்டியைப் பிரித்து மாட்டும்போது நான் வைத்துக்கொள்ளும் வரிசையில் டயர் பின்னால்தான் வரும். முதலில் வருவது குழாய்.

பிடிமானம் போய் வண்டி நின்றால் இறங்கி வின்ச்சை, கயிறு சுற்றி இழுக்கும் மோட்டாரை, மாட்டி இழுத்துவிடலாம். உடம்பெல்லாம் சேறாகும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கதையே வேறு. மேலே வரும் பிஸ்டன் காற்றை அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினில் அந்த நொடியில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் கனெக்டிங் ராட் வளையும். நல்ல டயரின் பெருமையே வண்டியை இன்னும் ஆழமான இடத்துக்குக் கொண்டுபோவதுதான். காற்று எடுக்கும் வாயை உயர்த்தாத வண்டிக்கு அதை மாட்டினால், ஆபத்து இருக்கும் இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வந்து, அது எங்கெல்லாம் மூச்சு விடுகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் ஏர்பாக்ஸின் வாய் ஒன்று. பெல்ட்டில் ஓடும் வண்டியானால் பெல்ட் பெட்டிக்குள் காற்று வர ஒரு வாய், வெளியே போக இன்னொன்று. சக்தியை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், அவற்றோடு கியர்பாக்ஸ், மூன்றுக்கும் மெல்லிய பிரீதர் டியூப்கள். பெட்ரோல் டேங்குக்கு ஒரு வென்ட். கார்புரேட்டர் வண்டி என்றால் அதிலிருந்தும் வென்ட் டியூப் தொங்கும். இவற்றில் எது எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ, அதுதான் அந்த வண்டி இறங்கக்கூடிய ஆழம். மற்ற குழாய்களை ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தாலும் கணக்கில் வராது.

காற்று எடுக்கும் வாயை மேலே தூக்கும் குழாயான எஞ்சின் ஸ்நோர்கலை பிவிசி பைப்பிலேயே செய்யலாம். கடையில் கிட்டாகவும் கிடைக்கிறது, வேலை ஒன்றுதான். பைப்பின் உள்விட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2 இஞ்ச் உள்விட்டமுள்ள பைப்பின் வாய்ப்பரப்பு சுமார் 3.14 சதுர இஞ்ச். 1.5 இஞ்ச் பைப்பில் அது 1.77தான். அரை இஞ்ச்தானே குறைகிறது என்று நினைத்தால், காற்று போகும் வழி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கம்பெனி கொடுத்திருக்கும் வாயின் பரப்பை முதலில் அளந்துகொண்டு, அதற்குக் குறையாமல் பைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் இல்லையென்றால் 1.5 இஞ்சில் இரண்டு பைப் போடலாம். வளைவுகளிலும் அப்படித்தான். 90 டிகிரி எல்போ ஒன்று போடும் இடத்தில் 45 டிகிரி எல்போ இரண்டை இடைவெளி விட்டுப் போட்டால் காற்று சிரமமில்லாமல் திரும்பும். சீட்டைக் கழற்றி, டேங்கைச் சுற்றி, ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது எங்கும் இடிக்காமல் பைப்பை மேலே கொண்டுவருவதில்தான் பாதி நேரம் போகும். அதை அவசரப்படுத்தாதீர்கள். பசை போட்டு ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் வெறுமனே செருகிவைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

பைப் ஏர்பாக்ஸோடு சேரும் இடத்தில் ரப்பர் கப்ளர், கிளாம்ப். எஞ்சின் அதிரும், பைப் விறைப்பாக நிற்கும். நடுவில் ரப்பர் இல்லையென்றால் ஒட்டு விரிசல் விடும். ஏர்பாக்ஸ் மூடியின் ரப்பர் விளிம்பில் கிரீஸ் தடவி, அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளையையும் சரியாக அடைத்துவிட வேண்டும். முடித்ததும் ஒரு சோதனை இருக்கிறது, செலவே இல்லாதது. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நோர்கலின் வாயை உள்ளங்கையால் இறுக மூடுங்கள். எஞ்சின் ஓரிரு நொடியில் திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கிருந்தோ காற்று எடுக்கிறது என்று அர்த்தம். காற்று போகிற ஓட்டையில் தண்ணீரும் போகும். இந்தச் சோதனையில் தேறாத வண்டியை நான் முட்டியளவு தண்ணீருக்குக்கூட எடுத்துப் போகமாட்டேன்.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு வேலை மிச்சம் இருக்கும். நீளமான பைப்பின் வழியாகக் காற்று வருவதால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு மாறும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றிச் சரிபார்க்க வேண்டிவரலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தாலே புரியும். கருகி மசி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் ஓரளவு தாங்களே சரிசெய்துகொள்ளும்.

அடுத்தது பெல்ட் பெட்டி. சேற்றில் நின்றுபோகும் வண்டிகளில் பலவற்றில் எஞ்சின் ஒழுங்காக உறுமிக்கொண்டுதான் இருக்கும். சக்கரம் மட்டும் சுற்றாது. ஏடிவியில் சிவிடி என்கிற பெல்ட் டிரான்ஸ்மிஷனை 1985ல் பொலாரிஸ் தன் டிரெயில் பாஸ் வண்டியில் கொண்டுவந்தது. ஓட்டுபவர் கியர் மாற்ற வேண்டியதில்லை என்பதால் இன்று பெரும்பாலான பெரிய ஏடிவிகளில் இதுதான். முன்னால் ஒரு கிளட்ச், பின்னால் ஒரு கிளட்ச், நடுவில் ரப்பர் பெல்ட். சாய்வான இரண்டு தட்டுகள் பெல்ட்டைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிப்பதால்தான் எஞ்சினின் சக்தி பின்னால் போகிறது. எல்லாம் உராய்வை நம்பி நடக்கிற வேலை. ஒரு கை தண்ணீர் உள்ளே போனாலும் பெல்ட் வழுக்க ஆரம்பிக்கும்.

சரி, பெட்டியை முழுதாக அடைத்துவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். பெல்ட் ஓடும்போது சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் கிளட்ச் தட்டிலேயே விசிறி இதழ்களை வார்த்து, வெளிக்காற்றை உறிஞ்சிச் சுற்றவிட்டுத் தள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய் இரண்டையும் உயர்த்த வேண்டும், இரண்டின் வாயையும் ஒன்றுக்கொன்று தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளியே வந்த சூடான காற்றையே அது மறுபடி உள்ளே இழுக்கும். வெளிக்குழாயின் வாய் ஓட்டுபவர் பக்கம் பார்க்கக் கூடாது என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருகிய ரப்பர் வாடையோடு ஓட்டுவது சுகமான காரியம் இல்லை.

பெல்ட் பெட்டி மூடியின் சீலைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. பெட்டியின் அடியில் வடிகால் பிளக் இருக்கும். தண்ணீர் புகுந்துவிட்டால் அதைக் கழற்றி வடியவிட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் மிச்ச ஈரம் காற்றோடு போய்விடும். ஓட்டும் பழக்கமும் பெல்ட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். சேற்றில் எப்போதும் லோ ரேஞ்ச், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் கியர். ஹை ரேஞ்சில் வைத்துத் திணறத் திணற முறுக்கினால் முன் கிளட்ச் ஒரே இடத்தில் சுற்றிப் பெல்ட்டை அந்த இடத்தில் தேய்த்துக் குழியாக்கிவிடும். ஹோண்டாவின் ஃபோர்மேன் மாதிரி பெல்ட்டே இல்லாத, பல்சக்கர கியரில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த மூன்று பத்தியையும் ஒரு புன்னகையோடு தாண்டிப் போகலாம். சேற்றுக்காரர்களில் ஒரு கூட்டம் இன்னும் அந்த வண்டிகளை விடாமல் பிடித்திருப்பது சும்மா இல்லை.

டிஃபரன்ஷியலின் பிரீதர் டியூபை யாரும் கவனிப்பதில்லை. விரல் தடிமன்கூட இல்லாத டியூப். ஆனால் அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் அலட்சியம் வராது. ஓடி ஓடி டிஃபரன்ஷியல் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். டியூபின் முனை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். சேறு அடைத்து டியூப் மூடிக்கிடந்தால் ஆக்சில் சீல் வழியாக உறிஞ்சும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு வந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. தீர்வு ரொம்பச் சின்னது: எல்லா பிரீதரையும் நீளமான டியூபோடு இணைத்து, ஹேண்டில்பார் கவருக்குள் கொண்டுபோய் முனை கீழே பார்க்கும்படி கட்டிவிட வேண்டும். மொத்த வேலையிலும் குறைந்த செலவில் அதிகம் காப்பாற்றுவது இதுதான் என்பேன்.

வயரிங்குக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கைக்கு எட்டுகிற ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி, சுத்தம் செய்து, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்து மூடுங்கள். அலுப்பான வேலை, பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம்.

ரேடியேட்டர் அப்படி இல்லை. பெரும்பாலான ஏடிவிகளில் அது முன்பக்கம் தாழ்வாக, சரியாகச் சேறு வந்து அறையும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நெருக்கமான தகடுகளுக்கு இடையில் களிமண் போய் அடைத்தால் காற்று போகாது. ஃபேன் சுற்றினாலும் பயனில்லை. அதே நேரத்தில் எஞ்சின் முழு பாரத்தில், மெதுவான வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும். சூடு ஏறாமல் என்ன செய்யும்? அதனால்தான் சேற்று வண்டிகளில் ரேடியேட்டரைத் தூக்கி முன் ரேக்கின் மேல் வைக்கிறார்கள். ஹோஸை நீட்ட வேண்டும், ஃபேன் வயரை நீட்ட வேண்டும், ரேக்கில் தாங்கி வெல்ட் செய்யவோ போல்ட் போடவோ வேண்டும். ஹோஸ் எங்கும் மடங்காமலும், எக்ஸாஸ்ட் பக்கம் ஒட்டாமலும் வர வேண்டும்.

இந்த வேலையில் பலரும் தடுமாறுவது காற்றுக்குமிழியில். ரேடியேட்டர் மேலே போய்விட்டதால் கூலன்ட் ஓடும் பாதையின் உச்சிப்புள்ளி மாறிவிடுகிறது. ஊற்றும் மூடி அந்த உச்சியில் இருக்க வேண்டும். ஹோஸ் நடுவில் எங்காவது மேடு ஏறி இறங்கினால் அங்கே காற்று தங்கும், கூலன்ட் சுற்றாது, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கும்போதே எஞ்சின் கொதிக்கும். வண்டியின் முன்பக்கத்தை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடான பிறகு அந்த மூடியைத் திறக்கும் எண்ணமே வேண்டாம். ஃபேனுக்குத் தனியாக ஒரு ஸ்விட்சும் போட்டுக்கொண்டால், சேற்றுக்குள் இறங்கும் முன்பே ஓடவிடலாம்.

இனி டயர். ஏடிவியின் பூர்வகதையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1970ல் ஹோண்டா கொண்டுவந்த மூன்று சக்கர யுஎஸ் 90ல் சஸ்பென்ஷனே கிடையாது. குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் 22 இஞ்ச் உருண்டை டயர்கள்தான் எல்லா வேலையும் செய்தன. பாரத்தைப் பரப்பி, சேற்றிலும் மணலிலும் பனியிலும் புதையாமல் மேலே மிதந்து போவது அதன் யோசனை. 1982ல் சுசுகி நான்கு சக்கர எல்டி 125ஐக் கொண்டுவந்தது. 1986ல் ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் 350ல் நான்கு சக்கரத்துக்கும் சக்தி வந்தது. இன்றைக்கு நாம் வாங்கும் ஆழ்சேற்று டயர் அந்த மிதக்கும் யோசனைக்கு நேர் எதிர். அது மேலே நிற்காது. கீழே தோண்டி, அடியில் கெட்டியான தரையைத் தேடிப் பல்லை ஊன்றும்.

ஆகவே டயர் எது என்பது உங்கள் சேறு எது என்பதைப் பொறுத்தது. அடியில் கெட்டித் தரை இருக்கும் இடத்தில் ஒடுங்கிய, உயரமான டயர் சீக்கிரம் அடியைத் தொடும். அடியே இல்லாத உளையில் அதே டயர் வண்டியைப் புதைத்துவிட்டுத்தான் ஓயும். அங்கே அகலமான டயர் நல்லது. களிமண்ணில் பற்களுக்கு இடையே அகலமான இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மண் அப்பிக்கொண்டு டயர் வழவழவென்று உருண்டையாகிவிடும். அப்பிய மண்ணை உதறித் தள்ள சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றியாக வேண்டும். சேற்றில் எஞ்சின் பலம் உண்மையில் தேவைப்படுவது அதற்குத்தான்.

விலைப்பட்டியலில் எழுதியிருக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 25 இஞ்ச் டயர் இருந்த வண்டிக்கு 28 இஞ்ச் மாட்டினால் உயரம் 12 சதவீதம் கூடுகிறது. அச்சு ஒரு சுற்று சுற்றினால் வண்டி அதிக தூரம் போகும், ஆனால் தரையில் தள்ளும் விசை சுமார் 11 சதவீதம் குறையும். 30 இஞ்ச் என்றால் 17 சதவீதம் போச்சு. டயரின் கூடுதல் எடை தனி. இத்தனையும் பெல்ட்டின் தலையில் விழும். அதனால் டயரோடு கிளட்ச்சையும் தொட வேண்டியிருக்கிறது. கிளட்ச் வெயிட்டின் எடையைக் குறைத்து, ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் வண்டி தாழ்ந்த விகிதத்திலேயே நீண்ட நேரம் நிற்கும், எஞ்சின் நல்ல சுற்றில் ஓடும். இன்னும் பெரிய டயர் என்றால் கியர்பாக்ஸுக்குள்ளேயே பல்சக்கரத்தை மாற்றும் கியர் ரிடக்‌ஷன் வேண்டும். அது வீட்டுத் தரையில் விரித்துவைத்துச் செய்கிற வேலை இல்லை, குறைந்தபட்சம் எனக்கு இல்லை.

பெரிய டயர் ஃபெண்டரில் உரசும். உடனே லிஃப்ட் கிட். 2 இஞ்ச் பிராக்கெட் ஒன்றைப் போட்டு வண்டியைத் தூக்கினால் ஆக்சில் சாய்வாகத் தொங்க ஆரம்பிக்கும். ஆக்சிலின் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டான சிவி ஜாயின்ட் நேராக இருக்கும்போதுதான் பலம். கோணம் கூடக் கூட அதன் மேல் பாரம் ஏறும், அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் உரசிக் கிழியும். கிழிந்த ரப்பர் உறைக்குள் மணல் போனால் கிரீஸ் அரைக்கும் பசையாகிவிடுகிறது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, சக்கரம் சிக்கியிருக்கும்போது முறுக்கினால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கெட்டியான ஆக்சில் வாங்கி மாட்டலாம். அப்போது உடைவது டிஃபரன்ஷியலுக்கு நகரும். ஆக்சில் உடைந்தால் ஒரு மணி நேர வேலை, டிஃபரன்ஷியல் உடைந்தால் ஒரு வார வேலை. எது உடைய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்ற வகையில், கம்பெனி ஆக்சிலை அப்படியே விட்டுவைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

உயரம் கூடினால் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். மேலே ரேடியேட்டர், கீழே நீட்டிய கால்கள். பக்கவாட்டுச் சரிவில் பழைய வண்டியை நம்பிய மாதிரி இதை நம்ப முடியாது.

வின்ச்சைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லியாக வேண்டும். சேறு வண்டியை அடியிலிருந்து உறிஞ்சிப் பிடிக்கும். அதனால் வண்டியின் எடையை மட்டும் வைத்து வின்ச் வாங்கினால் போதாது. பெட்டியில் எழுதியிருக்கும் இழுவிசை, உருளையில் அடியில் இருக்கும் முதல் அடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது. கயிறு சுற்றிப் பருக்கப் பருக்க அது குறையும். ஒரு கப்பியில் கயிற்றைத் திருப்பி வண்டிக்கே கொண்டுவந்து மாட்டினால் வேகம் பாதியாகும், விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மரத்தில் கட்டும்போது அகலமான நாடா வேண்டும். வெறும் கயிறு மரத்தின் பட்டையை அறுத்துவிடும். எஃகுக் கம்பி அறுந்தால் சாட்டையாக வீசும், நான் சிந்தெடிக் கயிறுதான் வைத்திருக்கிறேன். இறங்கும் இடம் அனுமதி உள்ள நிலமா என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 3 இஞ்ச் பல் ஒரு ஓடைக்கரையையோ சதுப்பையோ கிழித்துப்போட்டால் அது ஆறுவதற்கு வெகுகாலம் ஆகும்.

இவ்வளவு செய்தும் வண்டி முழுகிவிட்டால், ஸ்டார்ட் பட்டனைத் தொடக் கூடாது. இழுத்து வெளியே கொண்டுவந்து, ஏர்பாக்ஸைத் திறந்து வடியவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முகத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஆயில் மாற்றம். வெளுப்பு நிறம் போகும்வரை மறுபடி மறுபடி.

நல்லபடியாகத் திரும்பினாலும் அன்றே கழுவிவிட வேண்டும். காய்ந்த களிமண் தகடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அழுத்தத் தண்ணீரைப் பேரிங், சீல், கனெக்டர் பக்கம் நேராக அடித்தால், சேறு செய்யாத கெடுதலை நீங்களே செய்துவிடுவீர்கள். ரேடியேட்டர் தகடுகளும் வளையும். பிரேக் பேடுகள் சேற்று மணலில் சீக்கிரம் தேயும். கவாசாகியின் புரூட் ஃபோர்ஸ் 750ல் பின் பிரேக்கை ஆயிலில் மூழ்கவைத்து மூடிவிட்டிருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் தோன்றும்.

இதையெல்லாம் கம்பெனியே செய்து விற்கிறதே என்று கேட்கலாம். கேன்-ஆம் தன் அவுட்லேண்டர் எக்ஸ் எம்ஆர் வரிசையில் குழாயையும் ரேடியேட்டரையும் உயர்த்தியே கொடுக்கிறது. பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எனக்கு எந்த டியூப் எங்கே போகிறது என்று தெரிந்த வண்டியில் இறங்குவதில்தான் தைரியம்.

அடுத்த படி போர்ட்டல். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறிய பல்சக்கரப் பெட்டி. ஆக்சில் மேலே நேராக இருக்கும், சக்கரத்தின் மையம் மட்டும் 4 இஞ்ச், 6 இஞ்ச் கீழே இறங்கும். யூனிமோக் லாரிகள் பல பத்தாண்டுகளாகக் காட்டிலும் மேட்டிலும் ஓடுவது இந்த அமைப்பில்தான். லிஃப்ட் கிட்டின் கோணச் சிக்கல் இதில் இல்லை, பெட்டிக்குள்ளேயே கியர் விகிதமும் குறைவதால் டயர் கணக்கும் சரியாகிறது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத யோசனை. ஆனால் ஆயில் மாற்ற இன்னும் நான்கு பெட்டி, தண்ணீர் புகாமல் காக்க இன்னும் நான்கு ஜோடி சீல், மூச்சு விட இன்னும் நான்கு பிரீதர். என் வண்டி 28 இஞ்ச் டயரோடு, லிஃப்ட் இல்லாமல் நிற்கிறது. இப்போதைக்கு அங்கேயே நிற்கட்டும்.